சலீமாவின் நாலு மணி வகுப்பு

மேல்புளியூர் ஆரம்பப் பள்ளி,
ஜவ்வாது மலை (சந்தவாசல் வழி),
16-11-1961, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி மஜீதுக்கு ஆபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரே பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் மந்தமாகவும் இன்னொரு பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரியாகவும் எப்படி இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இருபத்து நாலு வருஷமாக இந்த உத்தியோகத்தில் இருக்கிறேன், பட்டம் வாங்கியதும் இதே கல்வி சாஸ்திரத்தில்தான், ஆனாலும் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால்தான் எழுதவில்லை. மற்றபடி, மூக்குச் சளியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இங்கே உன் அக்கா நானும் உன் மகள் சலீமாவும் சுகம். நீயும் கனீஸ் ஃபாத்திமாவும் சின்னவர்களும் சுகமாக இருக்கவும், இந்த அடைமழை ஓய்ந்து உன் மண்டித் தோல்கள் காய நாலு நாள் வெயில் அடிக்கவும் துஆ செய்கிறேன்.

உன் இரண்டாவது கேள்வி, அதாவது கனீஸ் உன் கையால் எழுதவைத்த கேள்வி, சலீமா செத்தவர்களோடு பழகுகிறாளா என்பது. அதற்கு எனக்கு விடை தெரியும். இல்லை. இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு 'இல்லை'க்காகத்தான். இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவளை அழைத்துப்போக வருவதற்கு முன் இதைக் கடைசிவரை படி. பாதியில் நிறுத்திக் கனீஸுக்கு வாசித்துக் காட்டாதே. பாதி வரைக்கும் விஷயம் அவ்வளவு நன்றாக இல்லை.

தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்த சலீமா, உன் மண்டிக் கணக்குப்பிள்ளை சத்தார் பாயிடம் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாக ஒப்பித்தாள் என்றும், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறாய். அதுவரை நல்லது. அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் தன் அம்மாவிடம், "நானும் டீச்சர்தாம்மா. நாலு மணிக்கு மேல எனக்குக் கிளாஸ் இருக்குது. ஒரே ஒரு புள்ளதான். செத்துப்போன புள்ள. ஆனா கணக்கு நல்லாப் போடும்" என்று சொன்னதாகவும், கனீஸ் கையிலிருந்த சால்னாக் கிண்ணம் உன் மடியில் விழுந்ததாகவும் எழுதியிருக்கிறாய். சால்னா சூடாக இருந்ததா என்று எழுதவில்லை. இருந்திருக்காது என்று நம்புகிறேன். சலீமாவின் கழுத்தில் கனீஸ் கட்டி அனுப்பிய மூன்று தாயத்துகளும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுவதால், வகுப்பில் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது திரும்பாமலே எனக்குத் தெரிகிறது. அந்த வகையில் உபயோகம்தான்.

ஆனால் அவளை அழைத்துப்போய்ப் பழைய பள்ளியிலேயே சேர்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயம். அங்கே இரண்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தாள். 'மந்த புத்தி' என்று அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஜூன் மாதம் இங்கே வந்தபோது மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுவாள், அதுவும் ஆமாவா இல்லையா என்று பிடிபடாமல். மறுபடி அங்கே போனால் மறுபடி அந்தத் தலையாட்டல்தான், மஜீத். இந்தத் தடவை அது நிற்குமா என்று நான் சொல்லமாட்டேன்.

அவள் செய்த குற்றம் என்ன? ஆறு வயது வரை மதரஸாவில், வலமிருந்து இடமாகப் போகும் அலிஃப், பே ஓதிய பிள்ளை. சிலேட்டைக் கையில் கொடுத்தால் வலது ஓரத்திலிருந்து தொடங்குவாள். முதல் சொல்லை வலது ஓரத்தை இடித்துக்கொண்டு எழுதி, அடுத்த சொல்லை அதற்கு இடது பக்கம் வைப்பாள். நம்மைப்போல் இடமிருந்து படிப்பவர்களுக்கு 'பசு புல் தின்றது' என்பது 'தின்றது புல் பசு' என்று வரும். அதற்காக இரண்டு வருஷம் பெஞ்சுமேல் ஏறி நின்றிருக்கிறாள். நான் அவசரப்படவில்லை. கூட்டலும் கழித்தலும் வலது பக்கத்திலிருந்துதானே தொடங்குகின்றன, அந்த ஒரு பாடத்தில் உலகமே அவள் பக்கம் இருக்கிறது, அங்கிருந்து மெல்ல இழுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் இழுத்தது நானில்லை. அதற்கு வருகிறேன்.

இந்த மலையில் நான் வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை. விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும்? அதற்குப் பதிலாக, நாலு மணிக்குப் பள்ளி விட்டபின் யார் யார் என்ன செய்தீர்கள் என்று தினமும் காலையில் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் செய்வதற்கும் உள்ளே வாங்கும் மார்க்குக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்த்து, வருஷக் கடைசியில் ஆசிரியர் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பலாம் என்று ஆசை. மாடு மேய்த்தேன், விறகு பொறுக்கினேன், தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நின்றேன், அப்பாவோடு தேன் எடுக்கப் போய்க் கொட்டு வாங்கினேன் என்று எல்லாம் நியாயமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டு மாதத்திலிருந்து ஏழு பிள்ளைகள் மட்டும் 'கல்லு வூட்டுல பாடம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த ஏழு பேரில் சலீமாவும் ஒருத்தி. செப்டம்பரில் அந்த ஏழு பேருக்கு மட்டும் கணக்கில் மார்க்கு ஏறியது. காப்பி அடிக்கிறார்கள் என்று இடம் மாற்றி உட்காரவைத்தேன், மேலும் ஏறியது. கேள்வியை மாற்றினேன், ஏறியது. என் கட்டுரைக்கு இதைவிட நல்ல புள்ளி விவரம் கிடைக்காது, ஆனால் அதன் தலைப்பை என்னவென்று போடுவது?

கல் வீடு என்றால் நீ மாளிகையைக் கற்பனை செய்யாதே. பள்ளிக்கு மேலே சாமைக் கொல்லையைத் தாண்டிக் கால்மணி நடை. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடியிருக்கும், இடுப்பு உயரம்தான். முன்கல்லில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. குள்ளர்கள் கட்டிக் குடியிருந்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். புதைபொருள்காரர்கள் வேறு சொல்வார்கள்: அது ஆதிகாலத்துக் கல்லறை. குள்ளர் கதையையே நீ கனீஸிடம் சொல்.

அங்கே யாருக்குப் பாடம் என்று நான் கேட்டது மூன்றாம் வகுப்பு அர்ச்சுனனை. பொய் சொல்லத் தெரியாதவன், சோம்பேறித்தனத்தால்.

"அம்மாக்கண்ணுக்குங்க."

அம்மாக்கண்ணு யார் என்றேன். கோவிந்தன் மகள் என்றான். அவள் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்றேன்.

"அது செத்துப்பூட்சுங்க, டீச்சரம்மா."

செத்துப்போனவள் எப்படிப் பாடம் படிக்கிறாள் என்று கேட்டேன். வகுப்பில் மிகவும் சாதாரணமான ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ளாத பிள்ளையை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தான்.

"சலீமா நல்லா சொல்லித் தருதுங்க."

என்னோடு வேலை பார்க்கும் உதவி ஆசிரியர் துரைக்கண்ணு இதைக் கேட்டு முகம் வெளுத்துப்போய், அந்த ஏழு பேருக்கும் திருநீறு பூசிவிட்டார். உன் மகளுக்கும் சேர்த்துத்தான், இதையும் கனீஸிடம் சொல்லவேண்டாம். "விட்டுடுங்கம்மா. மார்க்கு வருது. எங்கேருந்து வந்தா நமக்கு இன்னா?" என்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்.

எனக்கு அப்போதே சந்தேகம் வேறு திசையில் போனது. எப்படி என்று கேள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்களுக்கு அபராதம் என்று போன வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. உடனே இந்த மலையில் பிள்ளைகள் வரிசையாக இறந்துபோனார்கள். மாடு மேய்க்க ஆள் வேண்டும், அபராதமும் கட்ட முடியாது, ஆகவே அதிகாரி கேட்டால் "அது பூட்சுங்க" என்று சொல்லிவிடுவது. பதிவேட்டில் அப்படி ஐந்து பேர். பள்ளியில் மதிய உணவு தொடங்கிய வாரத்திலேயே அந்த ஐந்து பேரில் நாலு பேர் கையில் தட்டோடு உயிர்த்தெழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். திரும்பி வராமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அம்மாக்கண்ணு, தகப்பன் கோவிந்தன், இறப்பு.

இனிச் சொல்ல என்ன இருக்கிறது? மகள் செத்துவிட்டாள் என்று தகப்பன் சொல்லிவைத்திருக்கிறான். அந்தப் பெண் என் கண்ணில் பட்டால் அவனுக்கு அபராதம். ஆகவே மாட்டை மேயவிட்டுவிட்டுக் கல் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு படிக்கிறாள். மற்ற பிள்ளைகள் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

இது எப்படித் தொடங்கியது என்று சலீமாவிடமே கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை. ஜூலையில் யாரும் விளையாடச் சேர்த்துக்கொள்ளாததால் அங்கே போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தப்பாகப் போட்ட கணக்கை நான் பார்த்துவிடக் கூடாது என்று சிலேட்டை அந்த ஓட்டைக்குள் தள்ளி ஒளித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் சிலேட்டு வெளியே வந்தது. கீழே அதே கணக்கை யாரோ இன்னும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

"அதுக்கு ஒண்ணுமே தெரியல அத்தே. என்னைவிடத் தெரியல. அதான் நான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தன்னைவிடத் தெரியாத ஒருத்தியை உன் மகள் பிறந்ததிலிருந்து சந்தித்ததே இல்லை.

நேற்று நாலு மணிக்கு நானும் அவர்களோடு போனேன். மழை விட்டிருந்தது. என் முழங்காலுக்காக இரண்டு இடத்தில் எல்லோரும் நின்றார்கள். அங்கே போனதும் ஏழு பேரும் சொல்லாமலே வரிசையாக உட்கார்ந்தார்கள். என் வகுப்பில் அந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை. நான் என் சொந்த சிலேட்டைக் கொண்டுபோயிருந்தேன். முந்நூற்று அறுபத்தெட்டோடு நானூற்று ஐம்பத்தேழைக் கூட்டு என்று, சலீமாவுக்கும் காட்டாமல், முந்தானைக்குள் வைத்து எழுதினேன். சலீமா அதை வாங்கி ஓட்டைக்குள் தள்ளினாள். உள்ளே எதுவோ அதை வாங்கிக்கொண்டது. கைவிட்டால் கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா, அது கேட்கவில்லை.

பிறகு பலப்பம் கீச்சிடும் சத்தம் கேட்டது. நீயும் பள்ளிக்கூடம் போனவன், அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். கல்லுக்குள்ளிருந்து கேட்டால் அது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை நின்றது. சலீமா ஓட்டையின் அருகே குனிந்து, "பயப்படாத. மெதுவா யோசிச்சுப் போடு. யாரும் அடிக்க மாட்டாங்க" என்றாள். மறுபடி கீச்சிட்டது. மஜீத், அந்தக் குரலில் எந்த ஆசிரியரும் உன் மகளிடம் பேசியிருந்தால் அவள் இந்த மலைக்கே வந்திருக்க மாட்டாள்.

சிலேட்டு வெளியே வந்தது. அதன் சட்டத்தைப் பிடித்த நாலு சின்ன விரல்களை நான் பார்த்தேன். நகத்தில் மண். எண்ணூற்று இருபத்தைந்து, சரியான விடை. கீழே 'அம்மாக்கண்ணு' என்று பெயர், சிலேட்டின் வலது ஓரத்தை இடித்துக்கொண்டு. யாருடைய மாணவி என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன், இருட்டு. பின்பக்கம் சுற்றிப் போனேன். புதரும் வழுக்கலுமாக அதற்கு ஐந்து நிமிஷம் ஆனது. பின்கல்லின் ஒரு மூலை உடைந்து, ஒரு பிள்ளை நுழையும் அளவு சந்து இருந்தது. கீழே சரிவில் கையில் கோலோடு ஒரு சின்னப் பெண் மூன்று மாடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அம்மாக்கண்ணு என்று கூப்பிட்டேன். நின்று திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு மாடுகளை அடித்து விரட்டிக்கொண்டு ஓடினாள். ஆக, உன் மனைவி பயந்த பேய்க்கு மூன்று மாடுகள் இருக்கின்றன.

இன்று மத்தியானம் கோவிந்தனை வரவழைத்தேன். வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. உங்கள் பெண்ணை நாளைக்குப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றேன்.

"எந்தப் பொண்ணுங்க?" என்றார்.

இந்த நடிப்பெல்லாம் எனக்குப் பழக்கம். மாடு மேய்க்கிறதே, அதைத்தான் என்றேன். அபராதம் எதுவும் கிடையாது, பதிவேட்டில் அம்மாக்கண்ணு இறந்ததாக எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் பெயரை நானே மறுபடி எழுதிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருவதுதான்.

"அப்பிடி அடிச்சிட்டு எய்தலாங்களா?"

எழுதலாம் என்றேன்.

"நீங்க எய்தினா செரியாப் பூடுங்களா, அம்மா?"

என் கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் சிவப்பு மையால் இறப்பு என்பதை அடித்து, மூன்றாம் வகுப்பில் முதல் பெயராக அம்மாக்கண்ணு என்று எழுதித் தேதியோடு கையெழுத்தும் போட்டுவிட்டேன். இருபத்து நாலு வருஷ உத்தியோகத்தில் எனக்கு இவ்வளவு திருப்தியான நாள் அதிகம் இல்லை.

ஆகவே தம்பி, அவளை அழைத்துப் போகாதே. இங்கே செத்தவர்கள் யாரும் இல்லை. அபராதத்துக்குப் பயந்த ஒரு தகப்பனும், படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணும், சொல்லிக்கொடுத்ததால் தானும் கற்றுக்கொண்ட உன் மகளும்தான். நீ வரப்போவதைச் சொன்னபோது அவள், "நான் போய்ட்டா அதுக்கு யாரு டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். நாளை முதல் அந்தப் பெண்ணுக்கு நான்தான் டீச்சர் என்றேன்.

கனீஸுக்கு என் சலாம். சின்னவர்களின் கன்னத்தில் என் சார்பில் ஆளுக்கு ஒன்று. சத்தார் பாய்க்கு என் விசாரிப்பு. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் மண்டிக்கு நடந்து போகாதே. எல்லோரையும் ஆண்டவன் தன் காவலில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆபா,
ஃபக்ருன்னிசா.

பி.கு. 17-11-1961, வெள்ளிக்கிழமை மாலை. தபால்காரர் நாளைக் காலைதான் மலையிலிருந்து இறங்குகிறார், அதனால் இதைச் சேர்க்க முடிகிறது. மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. ஆனால் அந்த 'இல்லை'க்கு இனி நான் பொறுப்பில்லை. இருபத்தாறாம் தேதி நீ வருவதானால் வா, தடுக்க மாட்டேன். இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குக் கோவிந்தன் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெண்ணைக் கையில் பிடித்து வந்தார். சரிவில் மாடு ஓட்டிக்கொண்டு போனவளேதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆறு வயது இருக்கும். பெயர் கேட்டேன். செல்லம்மா என்றாள். சிலேட்டைக் கொடுத்தேன். பலப்பத்தை மாட்டுக்கோல் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்தாள். ஒரு எழுத்து, ஒரு எண் தெரியவில்லை. கல் வீட்டுக்குள் போவாயா என்று கேட்டேன். "அங்க நான் போவமாட்டேன்" என்று சொல்லித் தகப்பன் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அம்மாக்கண்ணு எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

"அது மூத்ததுங்க. போன வருசம் ஆடியில காய்ச்சல் கண்டு மூணு நாள்ல பூட்சு. அதிகாரியாண்ட அப்பவே சொன்னேங்களே. கல்லு வூட்டாண்டதான் பொதச்சோம்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "நேத்து பேரை எய்திட்டீங்களா, அம்மா?" என்றார்.

எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த துண்டு மூட்டையைப் பிரித்தார். உள்ளே எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆகும் ஒரு பச்சைப் பாவாடை, மடிப்புக் கலையாமல். அதை மடிமேல் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார். வகுப்பைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்துவிட்டது. துரைக்கண்ணு பதிவேட்டைக் கொண்டுவந்து என்முன் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றுகொண்டார். முதல் பெயரைத் தாண்டி இரண்டாவதிலிருந்து தொடங்கியிருக்கலாம். கோவிந்தன் படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே கூப்பிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. பதில் குரல் எதுவும் வரவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள், பாயின் வலது ஓரத்தில் இருந்த சலீமாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வரும் வரைக்கும். சலீமா தன் பலப்பத்தை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டை அந்த இடத்தில் வைத்தாள். கோவிந்தன் படியிலிருந்து எழுந்து நின்று அந்த இடத்தைப் பார்த்தார். அவர் என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. வருகை என்று குறித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.